பியூலாவை அழைத்துவரப் போகிற கப்பல்

அல்வால், செகந்திராபாத்
13.2.2000

அன்புள்ள எவாஞ்சலின் அக்காவுக்கு,

தங்கை ஜூடித் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் என் செல்லக்குட்டி பியூலாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? டாக்யார்டில் வெல்டிங் வேலையை இனிமேலாவது சின்ன வயசுக்காரர்களிடம் விடச் சொல்.

உன் பக்கத்து வீட்டு போனில் பேசினால் என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. நீ ‘ஹலோ ஹலோ’ என்று முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. பியூலாவைக் கூப்பிட்டால் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. வெட்கம் போல. அதனால் எல்லாவற்றையும் நிதானமாக எழுதுகிறேன்.

அக்கா, வீடு கிடைத்துவிட்டது! ஹாஸ்டலைக் காலி செய்தாயிற்று. அல்வாலில் மேபல் ஆன்ட்டி வீட்டு மாடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டைமாடி. ஆன்ட்டிக்கு ஆலனின் அம்மாவைத் தெரியும், ஒரே சர்ச். "குழந்தையைக் கூட்டிட்டு வாம்மா, நீ ஆபீஸ் போனா நான் பார்த்துக்கிறேன்" என்று அவர்களாகவே சொன்னார்கள். ஆபீசிலும் ராத்திரி ஷிப்ட் முடிந்தது. இத்தனை நாள் அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு விடிய விடிய டைப் அடித்தேன். இனி மற்றவர்கள் அடித்ததைத் திருத்துகிற வேலை, பகலில்.

ஆலன் கண்ணை மூடியபோது பியூலாவுக்கு ஒன்றரை வயது. அவளை உன் மடியில் விட்டுவிட்டு ‘ஒரு வருஷம், அக்கா’ என்று சொல்லிக் கப்பல் ஏறினேன். நாலு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு தடவை கிளம்பினேன். ‘இப்பத்தான் பிள்ளை அழாமல் இருக்கிறாள், நீ நாலு நாள் இருந்துவிட்டுப் போனால் மறுபடி ஏங்கிப்போவாள்’ என்று நீதான் எழுதினாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகிற பேச்சே இல்லை. மே மாதம் விசாகப்பட்டினத்திலிருந்து கப்பல் இருக்கிறது. அதில் வருகிறேன், அவளோடு திரும்புகிறேன்.

ஆபீஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே அந்தக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறேன், அக்கா. மூன்று ராத்திரி. பங்க் படுக்கையில் படுத்தால் கீழே இன்ஜின் அதிர்வது முதுகில் தெரியுமே, அது. நடுவில் ஒரு நாள் முழுக்கக் கரையே தெரியாமல் இருக்குமே, அது. கடைசி நாள் காலையில் எல்லோரும் ஒரே பக்கம் கூடி நின்று முதல் தீவைத் தேடுவார்களே, அங்கே நானும் நிற்பேன்.

பியூலா படுக்கப்போகும் முன் எங்கள் கல்யாண போட்டோவுக்கு இன்னும் முத்தம் கொடுக்கிறாளா? மறக்காமல் எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் வழிமறிக்கப்போகும்,
ஜூடித்


ஜங்லிகாட், போர்ட் பிளேர்
9.3.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அத்தானுக்கு முதுகுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஹாஸ்டலில் இருந்தபோது இளைத்துப்போயிருந்தாய் என்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து அத்தான் வருத்தப்பட்டார்.

வீடு கிடைத்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் மே மாதக் கப்பல் வேண்டாம். லீவுக்கு ஊர் போனவர்கள் எல்லாம் அதில்தான் திரும்புவார்கள். பங்க் கிளாசில் கால் வைக்க இடம் இருக்காது. கழிப்பறைப் பக்கம் போகவே முடியாது. வெயில் வேறு. கிறிஸ்துமசுக்கு வாயேன், நிதானமாக இருக்கலாம். ஆறு மாதம் முன்னே பின்னே ஆனால் என்ன?

எங்கள் பியூலா ஞாயிறுப் பள்ளியில் பைபிள் சங்கீதம் ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கினாள். நான் முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் சாப்பிடுவாள், அத்தான் எடுத்தால் நம்பமாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் தூங்குகிறாள். கையை உருவினால் முழித்துக்கொள்வாள்.

மழைக்கு முன்னால் கூரைத் தகரம் மாற்ற வேண்டும். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா,
எவாஞ்சலின்


அல்வால்
22.3.2000

அன்பு அக்கா,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கூரை வேலைக்கு அத்தானை ஏணியில் ஏறவிடாதே.

கிறிஸ்துமஸ் வரை முடியாது, அக்கா. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. தெருமுனையில் இருக்கிற கான்வென்டில் பேசிவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் "குழந்தையைப் பார்க்கணுமே" என்றார். "மே கடைசியில் கப்பலில் வருகிறாள்" என்றேன். "கப்பலிலா!" என்று பக்கத்து மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

கூட்டமாக இருந்தால் இருக்கட்டும். நீயும் நானும் அப்பாவோடு டெக்கில் பாய் விரித்துப் படுத்து வரவில்லையா?

நான் வருவதை அவளிடம் சொன்னாயா? என்ன சொன்னாள்? நீ எழுதும்போது அழகாக மாற்றிவிடாதே, அவள் வாயில் வந்ததை அப்படியே எழுது. போட்டோவைப் பற்றிக் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

ஆவலோடு,
ஜூடித்


ஜங்லிகாட்
28.4.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

நீ திடமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பியூலாவுக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. பயப்படாதே. வேப்பிலையில் படுக்கவைத்திருக்கிறேன். சொறியவிடாமல் ராத்திரி பகல் பார்த்துக்கொள்கிறேன். அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

உனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை. பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அம்மை இறங்கின பிள்ளையையும் உடனே கப்பலில் ஏற்ற முடியாது. இந்தக் கப்பலில் வராதே. என் பேச்சைக் கேள்.

பள்ளிக்கூடத்தை நினைத்துக் கலங்காதே. இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அக்கா


அல்வால்
9.5.2000

அன்பு அக்கா,

பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்? காய்ச்சல் விட்டதா? நீ தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஆபீசில் எல்லோரிடமும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேற்று லீவு வேண்டாம் என்று சொன்னதும் "கப்பல் என்னாச்சு?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். அவள் அம்மை போட்டுக் கிடக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான். நீ இருக்கிறாயே என்பதுதான் தைரியம். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன், அக்கா?

கான்வென்டில் கெஞ்சி, தசரா லீவுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டேன். செப்டம்பர் கப்பலில் கட்டாயம் வருவேன்.

மேபல் ஆன்ட்டியின் மகன் சிலாஸ் ராணுவத்தில் இருக்கிறான். கொஞ்ச நாளைக்கு அவனை போர்ட் பிளேருக்கு அனுப்புகிறார்கள். அவனிடம் பியூலாவுக்கு மஞ்சள் பிராக்கும் ஸ்கூல் பையும், உனக்கு ஆவக்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன். நல்ல பிள்ளை, ஒருவேளை சாப்பாடு போட்டு அனுப்பு.

பியூலாவுக்கு என் முத்தங்கள். அம்மா செப்டம்பரில் வருகிறாள் என்று அவள் காதில் சொல்.

ஜூடித்


ஜங்லிகாட்
30.6.2000

அன்புள்ள ஜூடித்துக்கு,

இங்கே சுகம். உன் சுகத்தை எழுது. மழை பிடித்துவிட்டது.

சிலாஸ் தம்பி வந்து பார்சலைக் கொடுத்தார். பிராக் சரியாக இருக்கிறது. ஊறுகாய் அத்தானுக்குப் பிடித்தது. தம்பி அவசரமாகக் கிளம்பிவிட்டதால் காபிகூடக் கொடுக்க முடியவில்லை.

அக்கா


அல்வால்
30.7.2000

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சிலாஸ் நேற்று வந்தான். சாயங்காலம் மாடிக்கு வந்து கதவருகிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பியூலா உங்களுக்கு என்ன வேணும்?" என்றான்.

"என்ன கேள்விப்பா இது? என் மக."

"ஹவ்வா, அப்படியா? அங்க வேற மாதிரி சொன்னாங்களே."

பிறகு சொன்னான். அவன் வந்தபோது நீ வீட்டில் இல்லை. பியூலாதான் கேட்டில் நின்றாளாம். பார்சலை அவள் கையில் கொடுத்து, "உங்க அம்மா அனுப்பினாங்க" என்றிருக்கிறான். அவள் சிரித்தாளாம். "அம்மா மார்க்கெட் போயிருக்காங்க. இது ஹைதராபாத் சித்தி அனுப்பினது." அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் இருக்கிற போட்டோவைக் காட்டியிருக்கிறாள். "இவங்கதான் சித்தி. இது செத்துப்போன சித்தப்பா."

செத்துப்போன சித்தப்பா! ஆலன், அக்கா. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவன்.

நீ வந்ததும் "பார்சலை வெச்சுட்டுப் போங்க தம்பி, நான் அவளுக்கு எழுதிக்கிறேன்" என்று வாசலைப் பார்த்தாயாம். அவசரப்பட்டது அவன் இல்லை.

"அம்மைத் தழும்பு நிறைய இருக்கா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. "சின்னம்மையா? முகத்துல ஒரு புள்ளி இல்லையேக்கா. ஏப்ரல் கடைசியில சர்ச்சுல லீவு வகுப்பு நடந்துச்சாமே, தினம் டான்ஸ் ஆடினேன்னு சொல்லி எனக்கு ஆடியே காட்டினா."

ஏப்ரல் கடைசியில்தான் அவள் வேப்பிலையில் கிடந்தாள். உன் கையெழுத்து என்னிடம் இருக்கிறது.

நான் எத்தனை ராத்திரி அந்த அம்மைக்காக முழங்காலில் நின்றேன் தெரியுமா? இரண்டு தடவை நான் கிளம்பினபோது ‘பிள்ளை ஏங்கிப்போவாள்’ என்றாயே, அது யாருக்காகச் சொன்னது? போனில் அவள் பேசாமல் நின்றது வெட்கமா? இல்லை, நீ பக்கத்தில் நின்று வாயில் விரல் வைத்தாயா?

வேறு யார் செய்திருந்தாலும் போலீசுக்குப் போயிருப்பேன். நீ செய்ததால் எங்கே போவது என்று தெரியவில்லை. எனக்குப் பதில் வேண்டும்.

ஜூடித்


அல்வால்
3.9.2000

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டுக்கு போன் போட்டால் நீ வீட்டில் இல்லை என்கிறார்கள். உன் குரல் பின்னால் கேட்டது.

போன வாரம் இங்கே பேய்மழை. அல்வாலில் கீழ்வீடுகளெல்லாம் தண்ணீர். மேபல் ஆன்ட்டி குடும்பத்தோடு என் ரூமில் இருந்தார்கள். ராத்திரி ஆன்ட்டி, "அக்காதானே ஜூடித், பொறுத்துப்போ" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலாஸ், "நக்கோ மம்மி, வேண்டாம், நீ பேசாதே" என்றான். அவன் ஒருவன்தான் நேரில் பார்த்தவன்.

இந்த மாதக் கடைசியில் வருகிற கப்பலில் எனக்கு டிக்கெட் இருக்கிறது. திரும்புவதற்கு இரண்டு டிக்கெட். நான் வந்து இறங்குவதற்கு முன் அவளிடம் உண்மையை நீயே சொல்லியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் உன்னிடம் நான் கேட்பது.

ஜூடித்


ஜங்லிகாட்
14.9.2000

ஜூடித்,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை என்று நினைப்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். மூன்று வயதில் ஒரு ஜுரத்தில் அவளாகவே என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு. திருத்தியிருக்கலாம். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத சொல். ‘இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும், நாளைக்குத் திருத்தலாம்’ என்று விட்டேன். அப்புறம் அந்த ‘நாளை’ வரவே இல்லை.

பள்ளிக்கூடம் போனதும் போட்டோவில் இருப்பது யார் என்று கேட்டாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மா என்று எப்படிச் சொல்வது? சித்தி என்றேன். அத்தான் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பிறகு அவரும் பழகிக்கொண்டார். அம்மை பொய்தான். நீ கப்பல் கப்பல் என்று எழுத எழுத எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. நாலு தடவை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாலு தடவையும் தலை வாரி அனுப்பிவிட்டேன். ஹைதராபாத் சித்தி வருகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறாள்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வா. ஒரு மாதம் இரு. சித்தியாக இருந்துவிட்டுப் போ. நீ சின்னவள், அழகாக இருக்கிறாய், இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் உனக்கு வேறு பிள்ளை பிறக்கும். எனக்கு யார் இருக்கிறார்கள்?

எவாஞ்சலின்


ஜங்லிகாட்
24.10.2000

ஜூடித்,

கப்பல் சேர்ந்ததா? நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு வரி போடு. போன் செய்யமாட்டாயா? அவள் சாப்பிடுகிறாளா? முள் பார்த்துக் கொடு. என்னைக் கேட்கிறாளா? வீட்டில் எதையும் தொட முடியவில்லை. அத்தான் டாக்யார்டிலிருந்து லேட்டாகத்தான் வருகிறார்.

உன் காலில் விழுகிறேன். ஒரு வரி.

எவாஞ்சலின்


அல்வால்
12.11.2000

அக்கா,

பியூலா சுகமாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள்.

இதைச் சொல்ல ஒரு கார்டு போதும். ஆனால் உனக்குத் தெரியாதது சில இருக்கிறது. தெரிந்துகொள்.

எத்தனை மாதமாக நான் ஏங்கின கப்பல் அது. வரும்போது மூன்று ராத்திரியும் பங்கை விட்டு இறங்கவில்லை. தீவு தெரிகிறது என்று எல்லோரும் மேலே ஓடினார்கள். நான் உன் கடிதத்தின் கடைசி வரிகளையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ‘உனக்கு வேறு பிள்ளை பிறக்கும்.’ நான் புடவை மாற்றிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தாய்.

ஹாடோ துறைமுகத்தில் இறங்கினேன். மஞ்சள் பிராக் போட்டுக்கொண்டு அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சித்தி! சித்தி!" நாலு வருஷமாக நான் கனவு கண்ட கட்டிப்பிடிப்பு அது. கிடைத்தது. அந்த ஒரு சொல்லோடு கிடைத்தது. உன்னை நிமிர்ந்து பார்த்தேன். நீ கடலைப் பார்த்தாய்.

ஒரு வாரம் உனக்காகப் பொறுத்தேன். நீ சொல்லவில்லை. கடைசியில் அத்தான்தான் அவளைப் பின்படியில் உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் அவள் ஓடிவந்தது உன்னிடம். "பொய்தானேம்மா?" என்று உன்னைக் கேட்டாள். நீ அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதனால் பிள்ளை கண்ணில் நான் திருடி ஆனேன்.

நாங்கள் கிளம்பிய அன்று நீ துறைமுகத்துக்கு வரவில்லை. அத்தான் தூக்கிவந்து ஏற்றினார். அவர் கழுத்திலிருந்து கையைப் பிரித்தபோது என் கையைக் கடித்தாள். "முஜே கர் ஜானா ஹை, வீட்டுக்குப் போகணும்" என்று அவள் கத்தினதில் கப்பலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "பிள்ளை யாரு?" என்று கேட்டாள். "என் பிள்ளை" என்றேன். அவள் நம்பவில்லை. கப்பல் அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தாள். என் மகளை என் மகள் என்று நிரூபிக்க, பை முழுவதையும் பங்கில் கொட்டிப் பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன்.

இரண்டு நாள் அவள் தண்ணீர் தவிர எதுவும் வாங்கவில்லை. வாந்தி எடுத்தாள். "அம்மா" என்று அழுதாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து ஓடினேன். ஒவ்வொரு தடவையும் "நீங்க இல்ல" என்றாள்.

கடைசி நாள் சாயங்காலம் டெக்கில் உட்காரவைத்திருந்தேன். காற்று அடித்ததும் கொஞ்சம் தெளிந்தாள். பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க நிஜமாவே என் அம்மாவா?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் வரவே இல்ல?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, அக்கா. உன் பெரியம்மா வரவிடவில்லை. உனக்கு அம்மை என்று பொய் எழுதினாள். உன்னை ஏமாற்றினாள், என்னையும் ஏமாற்றினாள். நாலே வார்த்தையில் உன்னை அவள் மனதிலிருந்து எடுத்துக் கடலில் போட்டிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் கிடைக்கல" என்றேன்.

"அத்தனை நாளுமா?"

"அத்தனை நாளும்."

பிஸ்கட்டைத் தின்று முடித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளிடம் அம்மாவாகச் சொன்ன முதல் வார்த்தை ஒரு பொய். இதை உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. அவளுக்கு இதுவரை இருந்தது ஒரே அம்மா. அந்த அம்மா பொய்க்காரி என்றால், பிறகு அவள் யாரை நம்புவாள்? என்னையா?

உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. சர்ச்சில் ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற ஜெப வரி வரும்போது உதட்டை மூடிக்கொள்கிறேன். நீ இல்லாவிட்டால் அந்த நாலு வருஷம் அவள் எங்கே இருந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆறவில்லை. இப்போதைக்கு வராதே. அவளுக்கு எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். ஒரு வார்த்தை மாற்றாமல் படிப்பேன். ‘பெரியம்மா’ என்று கையெழுத்துப் போடு. எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். இங்கே பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘நக்கோ’ என்பதைக் கேட்டு நேற்று முதல் தடவையாகச் சிரித்தாள். மேபல் ஆன்ட்டியை ‘ஆன்ட்டி’ என்கிறாள், சிலாசை ‘மாமா’ என்கிறாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள்.

இன்று ஞாயிறு. கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டேன். என் கால் கட்டைவிரலை யாரோ தொட்ட மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால், கையில் சீப்போடு கட்டில் ஓரத்தில் நிற்கிறாள். கூப்பிடவில்லை. எழுந்து உட்கார்ந்து சீப்பை வாங்கினேன்.

ஜூடித்